நம்பிக்கைக்குரிய பயணி யார்?

சிங்கப்பூரில் வேலை பார்க்கும் தம்பி ஒருவர் ஸ்ரீவில்லிபுத்தூர் பக்கத்துக் காலனிக்காரர். போன மாதம் விடுப்பில் வந்தவர் போனில் கேட்டார்: "அண்ணே, திருச்சி ஏர்போர்ட்டுல இனிமே இமிகிரேஷன் வரிசையில நிக்க வேண்டாமாம்ல? நம்ம பேரையும் அதுல பதிஞ்சு குடுங்க."

ராஜபாளையம் பஸ் ஸ்டாண்டுக்குப் பக்கத்தில் ஒரு நெட் சென்டரில் உட்கார்ந்தோம். ஒன்றிய உள்துறை அமைச்சகம் 2024 ஜூனில் டெல்லியில் தொடங்கிய திட்டம் அது. 'நம்பிக்கைக்குரிய பயணி' என்று பெயர். 2025 ஜனவரியில் சென்னைக்கும், செப்டம்பரில் திருச்சி, திருவனந்தபுரத்துக்கும் வந்தது. இணையத்தில் விண்ணப்பிக்க வேண்டும். சரிபார்த்து ஏற்றுக்கொண்டால் விரல்ரேகையும் முகமும் பதிய அழைப்பார்கள். அதன் பிறகு தானியங்கிக் கதவு. அதிகபட்சம் ஐந்து ஆண்டு, பாஸ்போர்ட் அதற்குள் முடிந்தால் அதுவரை.

தம்பிக்கு இது பெரிய விஷயமாகத் தெரியவில்லை. சிங்கப்பூரிலிருந்து ஜொகூருக்குத் தரைவழியே போகும் உட்லண்ட்ஸ், துவாஸ் சோதனைச்சாவடிகளில் 2024 மார்ச்சிலிருந்து காரில் போகிறவர்கள் க்யூஆர் கோடு காட்டினாலே போதுமாம், பாஸ்போர்ட்டை நீட்ட வேண்டியதில்லை. அமெரிக்கா-கனடா எல்லையில் நெக்சஸ், மெக்சிகோ எல்லையில் சென்ட்ரி என்று பல ஆண்டுகளாகவே தனிப்பாதை இருக்கிறது. எல்லாவற்றுக்கும் ஒரே கணக்குதான். உன்னை முன்கூட்டியே விசாரித்துவிட்டோம், நீ சீக்கிரம் போகலாம்.

அரைமணி நேரத்தில் அவர் விண்ணப்பம் முடிந்தது. கூட வந்திருந்த அவருடைய தங்கை அப்போதுதான் பேச்சை எடுத்தார். எம்.ஏ. முடித்தவர், வெளிநாட்டில் மேற்படிப்புக்கு முயற்சி செய்கிறார். பாஸ்போர்ட் விண்ணப்பத்தில் 'குற்ற வழக்கு நிலுவையில் உள்ளதா' என்ற கேள்வியோடு ஆறு மாதமாக நிற்கிறார். இல்லை என்று போட்டால் பொய்யாகிவிடுமோ, ஆம் என்று போட்டால் கதவு மூடிவிடுமோ என்ற பயம்.

வழக்கு என்னவென்று எங்களுக்குத் தெரியும், நாங்களும் அதில்தான் இருக்கிறோம். 2023 மழைக்காலத்தில் சுடுகாட்டுப் பாதையில் முழங்கால் தண்ணீர். பிணத்தைத் தூக்கிக்கொண்டு போக ஊர் வழியாக விடவில்லை. சாலையில் உட்கார்ந்தோம். சட்டவிரோதமாகக் கூடியது, வழிமறித்தது என்று இ.பி.கோ. 143, 341 பிரிவுகளில் எஃப்.ஐ.ஆர். போட்டார்கள். வழி கேட்டவர்கள்மேல் வழிமறித்த வழக்கு!

அண்ணன் அன்றைக்குச் சிங்கப்பூரில் இருந்தார். அதனால் அவர் பெயர் இல்லை. ஒரே வீடு, ஒரே ரேஷன் கார்டு.

எங்கள் பகுதிக்கு இது புதிதல்ல. 1997-ல் விருதுநகரைத் தலைமையிடமாக வைத்து வீரன் சுந்தரலிங்கம் பெயரில் போக்குவரத்துக் கழகம் வந்தது. ஒரு தலித் வீரன் பெயர் எழுதிய பஸ்ஸில் ஏற மாட்டோம் என்றார்கள் சாதி இந்துக்கள். கலவரம் மூண்டது. கடைசியில் அரசு மாவட்டங்களிலிருந்தும் போக்குவரத்துக் கழகங்களிலிருந்தும் எல்லாத் தலைவர்கள் பெயரையும் எடுத்துவிட்டது. அந்த பஸ்கள் ஓடிய இதே சாலைதான் ராஜபாளையம், தென்காசி, செங்கோட்டை, புளியரை வழியாக ஆரியங்காவுக்கு ஏறுகிறது. 2020 ஊரடங்கில் கேரளாவில் கூலி வேலை பார்த்த எங்கள் ஆட்களுக்கு இரண்டு மாநிலத்துக்கும் தனித்தனியாக இ-பாஸ் போட்டுக் கொடுத்தே எங்களுக்கு விரல் தேய்ந்தது. பட்டன் போன் வைத்திருந்தவர்கள் எத்தனை பேர்!

பாஸ்போர்ட்டிலும் இரண்டு வகை உண்டு என்பது பல மாணவர்களுக்குத் தெரியாது. பத்தாம் வகுப்பு தேறாதவர் வளைகுடா நாடுகள் உள்ளிட்ட சில நாடுகளுக்கு வேலைக்குப் போக, 1983 குடியேற்றச் சட்டத்தின்கீழ் அனுமதி வாங்க வேண்டும். மோசடி முகவர்களிடமிருந்து காப்பாற்ற என்கிறார்கள், அதில் நியாயமும் உண்டு. ஆனால் 2018 ஜனவரியில் இவர்களுக்கு ஆரஞ்சு நிற அட்டை போட்ட பாஸ்போர்ட் தருவோம் என்று அறிவித்தார்களே, அது யாரைக் காப்பாற்ற? எதிர்ப்பு வந்ததும் அந்த மாதமே கைவிட்டார்கள். நிறத்தால் ஆளைப் பிரிப்பது எப்படியிருக்கும் என்று நமக்கு யாரும் பாடம் எடுக்கத் தேவையில்லை.

தங்கைக்கு நாங்கள் சொன்னதை உங்களுக்கும் சொல்கிறோம், ஏனென்றால் இதை வாசிக்கிற பலர் மேலும் இப்படி ஒரு எஃப்.ஐ.ஆர். இருக்கும். பாஸ்போர்ட் சட்டம் 6(2)(எஃப்) பிரிவு சொல்வது, குற்றவியல் நீதிமன்றத்தில் வழக்கு நிலுவையில் இருந்தால் என்றுதான். வெறும் எஃப்.ஐ.ஆர். அது ஆகாது என்று சென்னை உயர் நீதிமன்றம் பலமுறை சொல்லியிருக்கிறது. குற்றப்பத்திரிகையைக் கோப்பில் எடுத்து வழக்கு நடந்தாலும்கூட, 1993 ஆகஸ்ட் 25 அறிவிப்பின்படி அந்த நீதிமன்றத்திடம் பயண அனுமதி வாங்கி பாஸ்போர்ட் பெறலாம். வெளிநாடு செல்வது 21-வது பிரிவு தரும் உரிமை என்று மேனகா காந்தி வழக்கில் 1978-லேயே உச்ச நீதிமன்றம் முடிவு செய்துவிட்டது. ஆனால் எதையும் மறைக்காதீர்கள். தகவலை மறைத்து வாங்கிய பாஸ்போர்ட்டைப் பறிக்கச் சட்டத்தில் இடம் இருக்கிறது.

இன்னொன்று. 143, 341 எல்லாம் ஓராண்டுக்குக் குறைவான தண்டனையுள்ள பிரிவுகள். இவற்றில் ஓராண்டுக்குள் குற்றப்பத்திரிகை வராவிட்டால், தாமதத்தை நீதிமன்றம் மன்னித்தாலொழிய, வழக்கை எடுத்துக்கொள்ள முடியாது. எங்கள் வழக்கில் வந்ததாகத் தெரியவில்லை. முதல் வேலையாக நீதிமன்றத்தில் நகல் கேட்டு மனுப் போட்டிருக்கிறோம். இல்லை என்று எழுத்தில் வந்தால் அதை வைத்து விண்ணப்பம், எஃப்.ஐ.ஆரை ரத்து செய்ய மதுரைக் கிளையில் தனி மனு. வக்கீல் தோழர் கட்டணம் வேண்டாம் என்றுவிட்டார்.

அண்ணன் விடுப்பு முடிந்து கிளம்பிவிட்டார். அவர் விண்ணப்பம் பரிசீலனையில் இருக்கிறதாம். தங்கையின் நகல் மனுவுக்கு வரும் புதன்கிழமை வரச் சொல்லியிருக்கிறார்கள். சுடுகாட்டுப் பாதையில் இன்னும் மண்கூட கொட்டவில்லை.