நவம்பர் பை: சில குறிப்புகள்

தேங்க்ஸ்கிவிங் நெருங்கினால் அமெரிக்கக் கடைகளில் சக்கரவள்ளிக்கிழங்கு குவியத் தொடங்கிவிடும். நாடு முழுவதற்குமான நன்றி நாளாக அதிபர் லிங்கன் இதை அறிவித்தது 1863இல். நவம்பரின் நான்காவது வியாழன் என்று சட்டமானது 1941இல். விருந்தில் முதல் மரியாதை வான்கோழிக்கு. எனக்கு அது பொருட்டில்லை. கடைசியில் வரும் இனிப்பான பைதான் (pie) விருந்து.

•

வடக்கே பூசணி பை என்றால் தெற்கே சக்கரவள்ளி பை. கறுப்பின மக்களின் வீடுகளில் இந்த விஷயத்தில் சமரசமே கிடையாது. டஸ்கீகி கல்லூரியில் பணியாற்றிய வேளாண் அறிஞர் ஜார்ஜ் வாஷிங்டன் கார்வர், விவசாயிகளுக்காகச் சக்கரவள்ளி பற்றியே ஒரு கையேடு எழுதினார். கிழங்கை மசிக்காமல், அரைவேக்காட்டில் எடுத்து மெல்லிய வில்லைகளாக அடுக்கும் பை ஒன்றும் அதில் உண்டு. பொங்கலுக்கு வேகவைத்த கிழங்கைத் துண்டு துண்டாகத் தின்று வளர்ந்தவர்களுக்கு, பாலும் முட்டையும் கலந்த மசியலைவிட இதுதான் ஒத்துவரும். வில்லைகளுக்கு நடுவே ஆப்பிளை வைப்பது என் சேர்க்கை.

•

கிழங்கைத் தோலோடு மிதமான சூட்டில் ஓவனில் முக்கால் பதம் சுட வேண்டும். மாவுச்சத்தைச் சர்க்கரையாக்கும் நொதி கிழங்கிலேயே இருக்கிறது. சுமார் 75 டிகிரி செல்சியஸைத் தாண்டினால் செயலிழக்கத் தொடங்கும். மெல்லச் சூடேறினால் அதற்கு வேலை செய்ய நேரம் கிடைக்கும். குக்கரில் விசில் விட்டால் இனிப்பில் பாதி போச்சு.

•

பார்ஸ்னிப்: பார்க்க வெள்ளைக் கேரட். பனி விழுந்தபின் பிடுங்கியது இனிக்கும். பைக்குள் கிழங்கோடு சேர்க்க ஒன்று போதும். கூடினால் மருந்து வாடை.

•

ஆப்பிளின் சிக்கல் தண்ணீர். கிரானி ஸ்மித் போன்ற புளிப்பு வகைதான் குழையாமல் நிற்கும். நறுக்கிச் சர்க்கரை தூவி ஒரு மணி நேரம் வைத்தால் கிண்ணத்தடியில் சாறு தேங்கும். அதை வடித்து, வெண்ணெயோடு பாகு போல் சுண்டக் காய்ச்சித் திரும்ப ஊற்ற வேண்டும். சோம்பல்பட்டால் அடித்தட்டு சொதசொதவென்று ஆகிவிடும். ஒரு கைப்பிடி கிரான்பெர்ரி போடுங்கள்: புளிப்புக்குப் புளிப்பு, அதிலுள்ள பெக்டின் மிச்சச் சாற்றையும் இறுக்கிவிடும்.

•

அடிக்கும் மேலுக்கும் மாவு: மைதா 300 கிராம், வெண்ணெய் 200, உப்பு, ஐஸ் தண்ணீர் தெளித்துப் பிசறும் அளவுக்கு. சப்பாத்தி மாவு பிசைந்த கை இங்கே அடங்க வேண்டும். வெண்ணெய் பட்டாணி அளவில் கட்டிகட்டியாகத் தெரியட்டும். ஓவனில் அதிலுள்ள நீர் ஆவியாகி மாவை ஏடு ஏடாகப் பிரிக்கும். வெண்ணெய் முன்பே உருகிவிட்டால் ஏடு வராது, பிஸ்கட்தான்.

•

பட்டை, சுக்கு, ஜாதிக்காய், கிராம்பு கலந்த பை மசாலா இலையுதிர் காலம் வந்தால் காபியில்கூட விழுகிறது. எனக்குச் சலித்துவிட்டது. சுக்கும் ஒரு சிட்டிகை ஜாதிக்காயும் போதும். கிழங்குக்கென்று ஒரு மணம் இருக்கிறது.

•

ஓவனின் கீழ்த்தட்டில் 220 டிகிரியில் 20 நிமிடம், பிறகு 190இல் முக்கால் மணி நேரம் வரை. மேல்மாவு நன்றாகச் சிவந்து, கீறல் வழியே பாகு கொதிப்பது தெரிய வேண்டும். வெளுத்த பை வேகாத பை.

•

சூட்டோடு வெட்டாதீர்கள். உள்ளே இறுக நான்கு மணி நேரமாவது ஆகும். புதன் இரவே சுட்டு வைத்துவிடுங்கள். வியாழக்கிழமை ஓவன் எப்படியும் வான்கோழிக்குத்தான்.