காத்திருக்கும் பணம்

மட்டாஞ்சேரியில், யூதத் தெருவை அடுத்த ஒரு மிளகுக் கிடங்கில் கணக்கெழுத நான் சேர்ந்தபோது எனக்கு வயது 22. எங்கள் முதலாளி குஜராத்தி வணிகர். விலை தாழ்ந்த நாளில் மிளகு வாங்கி, மாதக்கணக்கில் விற்காமல் வைத்திருப்பார். மிளகு வணிகர் சங்கம் 1957ஆம் ஆண்டில் தொடங்கிய முன்பேர வணிகம் அருகிலேயே நடைபெற்று வந்தது. அங்கே விலை ஏறினாலும் இறங்கினாலும் அவர் முகத்தில் கலக்கம் தோன்றாது. அந்தப் பொறுமையைக் கண்டு வியந்தேன். ஆனால் அதன் பொருளை நெடுநாள் உணராதிருந்தேன்.

2000ஆம் ஆண்டின் தொடக்கத்தில் கணினி நிறுவனப் பங்குகளைப் பற்றியே எங்கும் பேச்சு. அதற்குக் காரணமும் இருந்தது. 1993இல் இன்போசிஸ் நிறுவனம் ஒரு பங்கை 95 ரூபாய்க்கு வெளியிட்டபோது, அதை முழுமையாக வாங்கப் பொதுமக்கள் முன்வரவில்லை. வாங்கிப் பொறுத்திருந்த சிலரோ ஏழே ஆண்டுகளில் செல்வரானார்கள். எனக்கும் ஆசை பிறந்தது. தங்கையின் திருமணத்திற்கென்று அப்பா சேர்த்து என்னிடம் ஒப்படைத்திருந்த 60,000 ரூபாயை வேறொரு மென்பொருள் நிறுவனத்தின் பங்குகளில் இட்டேன். அந்நிறுவனம் எதைச் செய்கிறது, யாருக்கு விற்கிறது என்று ஒருநாளும் கேட்டறியவில்லை.

அவ்வாண்டு மார்ச்சு மாதத்தில் 5,048 புள்ளிகளைத் தொட்ட அமெரிக்க நாஸ்டாக் குறியீடு, 2002 அக்டோபரில் 1,114 புள்ளிகளுக்கு வீழ்ந்தது. நம் நாட்டுக் கணினிப் பங்குகளும் சரிந்தன. நான் விற்கவில்லை, முதலாளியைப் போலப் பொறுமை காப்பதாக எண்ணிக்கொண்டேன். 2003இல் தங்கைக்கு வரன் அமைந்தபோது என் பங்குகளின் மதிப்பு 4,000 ரூபாய்கூட இல்லை. அம்மாவின் இரட்டைவடச் சங்கிலியை விற்றுத் திருமணத்தை நடத்தினோம். தங்கை இன்றுவரை என்னை ஒரு சொல்லும் கேட்டதில்லை. அவள் வீட்டுப் படியேறும் போதெல்லாம் அந்த மௌனமே என்னைச் சுடுகிறது.

அதன் பின்னரே முதலாளியின் செயல்களைக் கூர்ந்து நோக்கினேன். ஒவ்வொரு மூட்டையையும் அவிழ்த்துப் பார்ப்பார். ஒரு லிட்டர் மிளகு 550 கிராம் நிற்கிறதா, நன்றாக உலர்ந்ததா, பதர் கலந்திருக்கிறதா என்று தம் கையாலேயே சோதிப்பார். கூலிக்கும் வீட்டுச் செலவுக்கும் உரிய பணத்தை மிளகில் முடக்கவே மாட்டார். அவருடைய பொறுமைக்கு இவ்விரண்டும் அடித்தளமாக இருந்தன. என்னிடம் இரண்டும் இல்லை.

சோதித்துப் பார்த்தாலும் ஏமாற்றம் நேரலாம். 2009 சனவரியில், தம் நிறுவனக் கணக்குகள் பொய்யானவை என்று சத்யம் நிறுவனத்தின் தலைவரே ஒப்புக்கொண்டார். ஆகவே எல்லாப் பணத்தையும் ஒரே நிறுவனத்தில் இடுதல் அறிவுடைமை ஆகாது. மறுபுறம், 2000ஆம் ஆண்டின் வீழ்ச்சியில் தன் விலையில் நூற்றுக்குத் தொண்ணூறுக்கு மேல் இழந்த அமேசான், பின்பு பன்மடங்கு வளர்ந்தது. ஆனால் அன்று வீழ்ந்த பல நிறுவனங்கள் மீளவே இல்லை. நாஸ்டாக் குறியீடே பழைய உச்சத்தைக் கடக்க 2015ஆம் ஆண்டு வரை ஆயிற்று. மூன்றாண்டில் மணம் முடிக்க வேண்டிய வீட்டுப் பணம் பதினைந்து ஆண்டு காத்திருக்குமா?

சென்ற மாதம் என் மகன், "அப்பா, இனிச் செயற்கை நுண்ணறிவின் காலம். என் சேமிப்பு இரண்டு லட்சத்தையும் அந்தப் பங்குகளில் இடப் போகிறேன்" என்றான். அதில் ஒன்றரை லட்சம், தன் தங்கையின் கல்லூரிக் கட்டணத்திற்கென்று அவனே ஒதுக்கி வைத்தது.

பழைய கதை முழுவதையும் அன்றுதான் அவனிடம் சொன்னேன். பிறகு, "வேண்டாம் என்று நான் சொல்லவில்லை, தம்பி. புதிய தொழில்கள் வளரத் துணிவோரும் வேண்டும். ஆனால் உன் தங்கையின் பணத்திற்குக் காத்திருக்க நேரமில்லை" என்றேன்.

கட்டணப் பணம் வங்கியிலேயே இருக்கிறது. எஞ்சிய 50,000 ரூபாயை இன்னும் அவன் எதிலும் இடவில்லை. இரவு உணவுக்குப் பின் நிறுவனங்களின் ஆண்டறிக்கைகளை எடுத்துவந்து என் அருகில் அமர்கிறான். நாங்கள் இருவரும் மெல்ல மெல்லப் படித்து வருகிறோம்.