கிணற்றடிக் கோரை

பத்தமடையில் பாய்த்தறி தரையோடு கிடக்கிறது. மூங்கில் முட்டுகளில் தாங்கிய பாவு நூல் முழங்கால் உயரத்துக்கும் கீழே ஓடுகிறது. தறிநாடாவுக்கு வேலையில்லை. நெய்கிறவர் நீண்ட மெல்லிய குச்சியின் நுனியில் ஒரு கோரை இழையைக் கோத்து, நூல்களுக்கிடையே செலுத்தி, அச்சால் நெருக்கித் தட்டுகிறார். அடுத்த இழை, அடுத்த தட்டு. நான் பார்த்துக்கொண்டிருந்த நேரமெல்லாம் பாய் விரல் அகலம்கூட வளரவில்லை.

திருநெல்வேலியிலிருந்து சேரன்மகாதேவி போகும் வழியில், தாமிரபரணிப் பாசனத்தில் இருக்கும் ஊர் இது. நான் போனது லெப்பை முஸ்லிம் குடும்பம் ஒன்றின் வீட்டுக்கு. கல்யாணத்துக்கான பட்டுப்பாய் தறியில் இருந்தது. மணமக்கள் பெயரை ஓரத்தில் நெய்து தரக் கேட்டிருந்தார்களாம். 100 கவுண்ட், 120, 140 என்று நுணுக்கம் கூடக்கூட நாளும் கூடும். மிக நுண்ணிய பாய்க்கு மாதக்கணக்கு ஆகும். 1953-இல் எலிசபெத் அரசியின் முடிசூட்டுக்கு இங்கிருந்து ஒரு பாய் போனதை ஊரில் இன்றும் பெருமையாகச் சொல்கிறார்கள். இந்தப் பாய்க்குப் புவிசார் குறியீடும் இருக்கிறது.

எனக்கோ பாயைவிடக் கோரையில்தான் கண். பச்சைத் தண்டைக் கீறி, உள்ளேயிருக்கும் வெண்சோற்றை வழித்தெடுத்துக் காயவைக்கிறார்கள். பிறகு ஓடுகிற தண்ணீரில் சில நாள் ஊறப்போட, தண்டு மூன்று மடங்கு பருக்கிறது. மறுபடி காய்ச்சல், மறுபடி கீறல். கடைசிக் கீறலில் வந்த இழை ஒன்றை அந்த வீட்டு அம்மா என் உள்ளங்கையில் வைத்தார். மூச்சு விட்டால் பறந்துவிடும் போலிருந்தது. இழுத்துப் பார்த்தேன், அறவில்லை.

"கோரை நல்லாருந்தாத்தான் தம்பி கை நல்லாருக்கும். எங்க உம்மா காலத்துல ஆத்தங்கரையிலயே அறுத்துட்டு வருவாங்க. இப்பக் கட்டுக்கட்டா விலைக்குத்தான் வாங்கணும். அவங்க தர்றதுதான் கோரை."

கரூர், நாமக்கல், முசிறிப் பக்கம் காவிரிக் கரையில் கோரை வயற்பயிர். ஒருமுறை வேர்த்தண்டை நட்டால் முதல் அறுப்புக்கு ஏறக்குறைய ஒரு வருடம். பிறகு வருடத்துக்கு இரண்டு அறுப்பு, பல வருடங்களுக்கு மறுநடவே இல்லை. ஆனால் வயல் வேறு ஆளிடம், தறி வேறு ஆளிடம். தண்டு முற்றிப்போனதா, எத்தனை நாள் வெயில் கண்டது என்பதையெல்லாம் நெய்கிற பெண் தீர்மானிக்க முடிவதில்லை. இந்தத் தொழிலின் பெரிய இழப்பு அதுதான் என்று நினைக்கிறேன். கூலியைப் பற்றிப் பேசுகிற அளவுக்கு இதைப் பற்றி யாரும் பேசுவதில்லை.

இலங்கையில் என் ஊரான மடத்துவெளியில் எங்கள் பாய் பனையோலைப் பாய். வாணர் பாலம் கடந்து புங்குடுதீவுக்குள் வந்தால் கண்ணில் படுவது பனைதான். கையில் வருவதும் அதுவே. சுண்ணக்கல் மண். மாரி மழை நிலத்துக்குள் இறங்கி, உவர்நீரின் மேல் மெல்லிய நன்னீர்ப் படலமாக நிற்கிறது. கிணறு அதைத்தான் தருகிறது. அளவுக்கு மீறி இறைத்தால் உவர் மேலேறும். அதனால் குளிக்கிற, கழுவுகிற தண்ணீரை வீணாக ஓடவிட எனக்கு மனம் வருவதில்லை. வாழையும் தென்னையும் குடித்தது போக, கிணற்றடி வாய்க்காலின் கடைசியில் பெரும்பாலும் கொஞ்சம் ஈரம் நிற்கும். கோரையை அங்கே வைத்தேன்.

"என்ன மோனை, ஆக்கள் கோரையைப் பிடுங்கி எறியினம், நீ கொண்டுவந்து நடுறாய்?" என்றார் பக்கத்து வளவுப் பெரியம்மா. அவர் நினைத்தது தோட்டக்காரரின் எதிரியான கிழங்குக்கோரையை. அது சிறியது, இலை நிறைந்தது, மண்ணுக்குள் மணிமணியாகக் கிழங்கு கோத்துக்கொண்டே போகும். பாய்க்கோரை இடுப்பளவு எழும்பும், முக்கோணத் தண்டு, அடியில் உறைகளைத் தவிர இலையென்று சொல்ல ஒன்றுமில்லை. தாவரவியலில் சைபிரஸ் பங்கோரெய். இந்தியாவிலும் இலங்கையிலும் இயல்பாக வளரும் செடி.

நடுவது எளிது. வேர்த்தண்டைத் துண்டாக்கி, ஒவ்வொன்றிலும் இரண்டு மூன்று தளிர் இருக்கும்படி, ஐப்பசியில் மழை விழத் தொடங்கும்போது சேற்றில் நெருக்கமாக ஊன்ற வேண்டும். நெருக்கமாக நின்றால்தான் ஒளி தேடி நேராக, மெல்லியதாக எழும்பும். வாய்க்காலைச் சுற்றிக் கல் பதித்துவிட்டால் வேர் வளவுக்குள் பரவாது. வேலி வேண்டும், ஆட்டை நம்ப முடியாது. கோடையில் ஈரம் வற்றினால் மேலே பழுத்துப்போகும், வேர்த்தண்டு மண்ணுக்குள் கிடந்து அடுத்த மழைக்கு முளைக்கும். முளைத்ததும் தவளையும் தும்பியும் தாமாக வந்துவிட்டன.

அறுத்த தண்டுகளைப் பெரியம்மாவிடம் கொடுத்தேன். சார்வோலையைக் கண்ணை மூடிக்கொண்டு வார்கிற கை அது. முதல் தண்டைச் சத்தகத்தால் மூன்றாகக் கீறினார். சோற்றை நகத்தால் வழித்தார். வெயிலில் போட்ட சிறிது நேரத்தில் கீற்று உட்புறமாகச் சுருண்டு குழலாகிவிட்டது. அதைக் கையில் எடுத்து உருட்டிப் பார்த்தார்.

"ஓலை மாதிரி மடிபடாது. இழைக்கேலாது, நூல் போட்டுக் கட்டித்தான் எடுக்கவேணும்."

பத்தமடையில் நான் பார்த்ததைச் சொன்னேன்: பாவு, அச்சு, குச்சி. முன்பு கற்றாழை நாரைத்தான் பாவாக ஓட்டினார்கள் என்று கேள்விப்பட்டதையும் சொன்னேன். அவர் குச்சியைப் பற்றித்தான் திரும்பத் திரும்பக் கேட்டார். எவ்வளவு நீளம், நுனியில் துளையா கொளுக்கியா, பனஞ்சிலாகையில் செய்யலாமா. 1991 போர்க்கால இடப்பெயர்வில் வீட்டையும் வளவையும் விட்டுப்போய்த் திரும்பி வந்தவர். ஊரில் இழைக்கத் தெரிந்த கைகள் குறைந்துவிட்டதைப் பார்த்துக்கொண்டிருப்பவர். அவருக்குப் புதுத் தொழில் கற்றுக்கொடுக்க நான் யார்? தண்டு எட்டும் தூரத்தில் இருக்க வேண்டும், அது முற்றும் பருவத்தை அவரே பார்த்து அறுக்க வேண்டும். என்னால் செய்ய முடிந்தது அதுதான்.

இப்போது அறுக்கும் நாளை அவர்தான் சொல்கிறார். பூ விரிந்து பழுப்பேறுவதற்குள், காலை வெயில் ஏறியபின், அடியோடு. முதலில் ஒரு தடுக்கு, ஒரு ஆள் அமர்கிற அளவு போதும் என்கிறார். அச்சுக்குத் தச்சரிடம் சொல்லியாயிற்று.