கடல் கடந்த அத்தை வீடு

தலைநகரில் வாழும் தமிழர்களாகிய நமக்கு உறவினர் வீடு என்பது பெரும்பாலும் ஆண்டிற்கொரு முறை காண்பது. விடுப்புப் பயணச் சலுகையில் ஊருக்குச் செல்வோம். பத்து நாட்களில் பதினைந்து வீடுகளில் காபி அருந்துவோம். ‘எப்போது வந்தாய், எப்போது புறப்படுகிறாய்’ என்னும் இரு வினாக்களுக்கும் ஒரே மூச்சில் விடை கூறித் திரும்புவோம். ஊராரின் கண்ணுக்கு நாம்தாம் தொலைவில் போய்விட்ட உறவினர். நம்மினும் தொலைவில் போனவர்களை நாம் தேடிச் சென்று காண்பது அரிது. அவ்வாய்ப்பு சென்ற ஆண்டு எனக்குக் கிட்டியது.

நடுவணரசு அலுவலகமொன்றில் எழுத்தராகப் பணியாற்றும் எனக்கு ஐரோப்பா என்பது வரைபடத்தில் விரல் வைத்துப் பார்த்த நிலம்தான். சேர்ந்திருந்த ஈட்டிய விடுப்பில் நாற்பது நாட்களை எடுத்துக்கொண்டு, துறையின் தடையின்மைச் சான்றையும் பெற்று, தனியாகப் புறப்பட்டேன். பிள்ளைகளுக்குத் தேர்வுக் காலம். மனைவியும் உடன் வர இயலவில்லை. உரோம், ஃபிளாரன்சு, வெனிசு என இரயிலேறி இரயிலேறிச் சென்றேன். அந்நகரங்களைப் பற்றி எழுதியோர் பலர். இத்தாலியில் காபியை நின்றுகொண்டு குடித்தால் ஒரு விலை, அமர்ந்து குடித்தால் அதனினும் கூடிய விலை என்பதைத் தவிர நான் சேர்ப்பதற்கு ஒன்றுமில்லை. நான் நின்றே குடித்தேன்.

மூனிச் நகரில் என் சித்தி மகள் கணிப்பொறித் துறையில் பணிபுரிகிறாள். நான்கு நாட்கள் அவள் வீட்டில் தங்கினேன். செருமனியில் ஞாயிறன்று கடைகள் அடைத்திருக்கும். அடுக்குமாடி வீடுகளில் இரைச்சல் எழுப்புவதும் ஆகாது. ஆகவே ஞாயிற்றுக்கிழமை தோசைக்கான தேங்காய்ச் சட்னியைச் சனிக்கிழமை மாலையே அரைத்து வைத்துவிட்டாள். அண்டை வீட்டாருக்கு அஞ்சி அரைத்த சட்னியை நான் உண்டது அதுவே முதல் முறை. சுவையில் குறைவில்லை.

ஆயினும் என் பயணத்தின் உள்நோக்கம் பாரிசுக்கு வடக்கே, சார்சேல் என்னும் புறநகரில் இருந்தது. அங்கேதான் என் தந்தையாரின் தமக்கை வாழ்கிறார்.

எங்கள் பூர்விகம் காரைக்கால். பிரெஞ்சு ஆட்சிப் பகுதிகளின் நிருவாகம் 1954ஆம் ஆண்டு நவம்பர் 1ஆம் நாளே இந்தியாவின் கைக்கு வந்துவிட்டது. சட்டப்படியான ஒப்படைப்பு நிறைவேறியதோ 1962 ஆகஸ்டு 16இல். அங்கே பிறந்து அங்கேயே வாழ்ந்தவர்கள் அன்றுமுதல் இந்தியக் குடிமக்கள் ஆயினர். பிரெஞ்சுக் குடியுரிமையே வேண்டுமென்போர் ஆறு மாதங்களுக்குள் எழுதிக் கொடுக்க வேண்டும் என்பது ஏற்பாடு. தாத்தா எழுதிக் கொடுக்கவில்லை. பன்னிரண்டு வயதுச் சிறுவனாயிருந்த என் தந்தையும் அவரோடு இந்தியரானார். அத்தைக்கு அதற்கு முந்திய ஆண்டுதான் திருமணம் ஆகியிருந்தது. மாமா, எங்கள் பக்கத்தில் ‘சொல்தா’ என்பார்களே, அந்தப் பிரெஞ்சுப் படைவீரர். அல்சீரியப் போருக்குச் சென்று மீண்டவர். அவர் எழுதிக் கொடுத்தார். ஒரே வீட்டில் பிறந்த இருவர் இரு நாட்டவராயினர். பின்னர் அக்காளும் தம்பியும் நேரில் கண்டது மூன்றே முறை.

தந்தையார் மறைந்து மூன்றாண்டுகள் ஆகின்றன. காரைக்கால் வீடு பூட்டிக் கிடக்கிறது. அதை விற்றுவிட வேண்டுமென்பது என் அண்ணனின் கருத்து. பாதி வீடு அத்தைக்கு உரியது. அவர் விடுதலைப் பத்திரம் எழுதித் தந்தாலொழிய விற்க இயலாது. பத்திரத்தின் வரைவு என் பெட்டியில் இருந்தது. பாரிசிலுள்ள நம் தூதரகத்தில் அதற்குச் சான்றொப்பம் பெறுவது எவ்வாறு, அது இந்தியா வந்து சேர்ந்த மூன்று மாதங்களுக்குள் முத்திரைத் தீர்வை செலுத்துவது எவ்வாறு என்பனவெல்லாம் எனக்குத் தலைகீழ்ப் பாடம். தாள்களோடு வாழ்பவனுக்கு அதுகூடத் தெரியாவிட்டால் எப்படி?

பாரிசின் வடக்கு இரயில் நிலையத்தில் இறங்கி, அருகிலிருக்கும் லா சப்பேல் பகுதிக்குச் சென்றேன். ஈழத்தமிழர்களின் கடைகள் நிறைந்த தெருக்கள், தமிழ்ப் பெயர்ப்பலகைகள், முருங்கைக்காய்கூடக் கிடைக்கிறது. 1985இல் தோன்றிய மாணிக்க விநாயகர் ஆலயமும் அங்கேதான். வணங்கிவிட்டு, புறநகர் இரயிலில் சார்சேல் சேர்ந்தேன்.

கதவைத் திறந்த அத்தைக்கு எண்பது வயதிற்கு மேல். என் முகத்தை இரு கைகளாலும் பற்றிச் சற்று நேரம் பார்த்தார். “மூக்கு உங்கப்பா மூக்குதான். உள்ள வா தம்பி” என்றார். அத்தானின் மகள் வந்து பிரெஞ்சு மொழியில் வணங்கி, என்னைத் ‘தோந்தோன்’ என்றழைத்தாள். பெரியப்பா, சித்தப்பா, மாமா அனைவருக்கும் அம்மொழியில் அந்த ஒரு சொல்தான். “தோந்தோன் இல்லடி, மாமா. மாமான்னு சொல்லு” என்று அத்தை திருத்தினார். அவள் சொன்னாள். நன்றாகவே சொன்னாள்.

மூன்றாம் நாள் மாலை, அண்ணனின் தூதை நான் எடுத்துரைத்தேன். அத்தை வரைவை வாங்கி, கண்ணாடியை அணிந்துகொண்டு, எழுத்துக் கூட்டி முழுவதும் படித்தார். பிறகு, தொடர்பே இல்லாததுபோல் ஒன்று கேட்டார்.

“மாங்கனித் திருவிழாவுக்கு மொட்டைமாடியிலேருந்து மாம்பழம் எறிவோமே, இப்பவும் நம்ம வீட்டுலேருந்து யாராச்சும் எறியறாங்களா?”

வீடு பூட்டியிருக்கிறது என்றேன்.

“பணம் எனக்கு வேணாம் தம்பி. மாமாவோட பென்ஷன்ல பாதி எனக்கு வருது, அது போதும். இந்தியா வர்றதுக்கு உங்க சர்க்கார் குடுத்த அட்டை இருக்கு. அதைக் காட்டினா ஏர்போர்ட்டுக்குள்ள விடுவாங்க. ஊருக்குள்ள போய் நிக்கறதுக்கு வாசப்படி வேணும்ல?”

அந்த முழங்கால்களைக் கொண்டு அவர் காரைக்காலுக்கு வரப்போவதில்லை. அது அவருக்கும் தெரியும், அத்தானுக்கும் தெரியும். வீட்டைக் காக்க ஆளில்லை என்னும் அண்ணனின் பக்கத்திலும் நியாயம் உண்டு. வரி கட்டுவதும் வௌவாலை விரட்டுவதும் அவர்தானே! எனினும் நான் மறுமொழி கூறாமல் தாள்களை வாங்கி மடித்து வைத்தேன். அவற்றைப் பற்றி அத்தை மீண்டும் பேசவில்லை. எஞ்சிய ஐந்து நாட்களும் என் தந்தையின் இளமைக் குறும்புகளைக் கூறிக்கொண்டிருந்தார். கிணற்றடியில் வழுக்கி விழுந்து அவர் பல் உடைந்த கதை, என் தாயும் அறியாதது.

திரும்பி வந்தபின் அண்ணன் இரண்டு மாதம் என்னோடு பேசவில்லை. ஐப்பசி மழையில் மொட்டைமாடிக் கைப்பிடிச்சுவரின் ஒரு பகுதி இடிந்து தெருவில் விழுந்தது. அண்ணன் அதைப் படம் எடுத்து எனக்கும் அத்தானுக்கும் அனுப்பினார். ஒரு சொல்லும் எழுதவில்லை. பத்தாம் நாள் அத்தையிடமிருந்து அண்ணனுக்குப் பணம் வந்தது. கொத்தனார் கூறிய செலவில் சரியாகப் பாதி. இப்போது சுவரை எந்த உயரத்திற்கு எழுப்புவது என்று அண்ணனும் அத்தையும் வாரந்தோறும் தொலைபேசியில் வாதாடிக்கொண்டிருக்கிறார்கள்.