ஓடுதலும் ஓட்டுதலும்

‘ஓடு’ என்னும் பகுதி தன்வினை. அதன் ஒற்று இரட்டித்து ‘ஓட்டு’ என நிற்பின் அது பிறவினையாம் என்பதை இலக்கண வகுப்பின் முதலாண்டு மாணவரும் அறிவர். ‘குதிரை ஓடிற்று’ என்றவிடத்து வினை குதிரையினுடையது. ‘குதிரையை ஓட்டினான்’ என்றவிடத்து, ஓடுவது குதிரையேயாயினும், அவ்வோட்டத்திற்குக் கருத்தாவாய் நிற்பவன் மனிதன். ஏட்டளவில் சிறிதாய்த் தோன்றும் இவ்வேறுபாடு, மோட்டார் உலகில் இன்று ஒரு பெருவழக்காய் மூண்டிருக்கிறது. வண்டியின் கியரை மனிதன் தன் கையால் மாற்றுதல் வேண்டுமா, வண்டியே தானாக மாற்றிக்கொள்ள விட்டுவிடலாமா என்பதே அவ்வழக்கு. வேகமும் இன்பமும் கருதிச் செய்யப்படும் பந்தய வகைக் கார்களைப் பற்றியே இது பெரிதும் வாதிக்கப்படுகிறது. ஆயினும், இதற்குச் சான்று கூறத்தக்கார் எங்கள் தேனி மாவட்டத்து மலைச் சாலைகளில் நாள்தோறும் ஏறி இறங்குகின்றனர். அவருள் ஒருவரின் மகளாகிய நான் அவர்தம் சாட்சியத்தையும் இவ்வழக்கில் சேர்க்க விரும்புகின்றேன்.

கியர் எதற்கு என்பதை அறியாத அன்பர்க்கு முதலில் ஒரு சொல். எஞ்சினின் சுழற்சி மிகக் குறைந்தால் அது நின்றுவிடும். மிகப் பெருகினால் கெட்டுவிடும். இடைப்பட்ட ஓர் எல்லைக்குள்தான் அது செவ்வனே உழைக்கும். சக்கரங்களோ நின்ற நிலையிலிருந்து மணிக்கு 100 கிலோமீட்டர் வரையிலும் அதற்கு மேலும் எவ்வேகத்திலும் சுழல வேண்டுவன. ஒத்துவராத இவ்விரண்டையும் இணக்கி வைப்பதே கியர்ப் பெட்டியின் தொழில். கீழ்க் கியரில் எஞ்சின் பலமுறை சுழலச் சக்கரம் ஒருமுறை சுழலும். வேகம் குறைந்து இழுக்கும் வலி பெருகும். மேற் கியரில் வலி குறைந்து வேகம் பெருகும். ஏற்றத்திற்கு வலியும் சமவெளிக்கு வேகமும் வேண்டும். இவ்விடத்திற்கு இன்னது வேண்டும் என்று முடிவு செய்பவர் யார் என்பதுதான் கேள்வி.

பண்டைய மோட்டார்களில் இம்முடிவு முழுதும் ஓட்டுநருடையதாகவே இருந்தது. சுழலும் பற்சக்கரங்கள் இரண்டின் வேகத்தையும் ஓட்டுநரே தம் செவியால் அளந்து, கிளட்சை இருமுறை மிதித்து, அவற்றைப் பொருத்த வேண்டும். தவறினால் பற்கள் அலறும். 1928-ஆம் ஆண்டில் அமெரிக்காவின் காடிலாக் வண்டிகளில், அவ்வேகங்களைத் தாமே ஒப்பச் செய்யும் சின்க்ரோமெஷ் என்னும் அமைப்பு வந்தது. 1940-ஆம் ஆண்டு ஓல்ட்ஸ்மொபைல் வண்டிகளில், கிளட்ச் மிதியே இல்லாத, தானே கியர் மாற்றும் ஹைட்ரமாட்டிக் பெட்டி விற்பனைக்கு வந்தது. நம் நாட்டுச் சாதாரணக் குடும்பத்தார்க்கு இவ்வசதி எட்டியது வெகுநாட் கழித்தே. 2014-இல் மாருதி நிறுவனம் செலேரியோ என்னும் சிறு காரில், வழக்கமான கியர்ப் பெட்டியையே வைத்து, கிளட்சை அழுத்துவதும் கியரை நகர்த்துவதுமாகிய வேலைகளை மட்டும் பொறியிடம் ஒப்படைத்தது. அதன் பின்னரே தானியங்கிக் கார்கள் எங்கள் ஊர்த் தெருக்களிலும் தென்படலாயின.

இனிப் பந்தய வண்டிகளைக் காண்போம். 1989-ஆம் ஆண்டு பிரேசில் நாட்டுப் பந்தயத்தில் நைஜல் மான்சல் என்பார் ஓட்டி வென்ற பெராரி வண்டியில் கியர்த் தண்டு இல்லை. சுக்கானுக்குப் பின்னிருந்த இரு துடுப்புகளை விரலால் இழுத்தே அவர் கியர் மாற்றினார். சில ஆண்டுகளுக்குள் அப்பந்தயத்தின் வண்டிகள் யாவும் அவ்வழிக்கு வந்துவிட்டன. 2005-இல் முதல் இந்தியராய் அப்பந்தயத்துள் நுழைந்த நம் கோயம்புத்தூர் நரேன் கார்த்திகேயன் ஓட்டிய ஜோர்டான் வண்டியும் அவ்வகையினதே. எனினும் ஒன்று கருதத்தக்கது. தானே எண்ணித் தானே கியர் மாற்றும் முழுத் தானியங்கியை அப்பந்தயத்தின் விதிகள் 2004 முதல் விலக்கிவிட்டன. பொறி மாற்றலாம், ஆனால் ‘இப்பொழுது மாற்று’ என்று மனிதன் ஏவ வேண்டும். இயற்றுதற் கருத்தா, ஏவுதற் கருத்தா என்று நம் இலக்கண நூலார் கருத்தாவை இரண்டாகப் பகுத்தனர் அன்றோ? கோயிலைக் கட்டியவன் தச்சன் என்பதும் உண்மை, அரசன் என்பதும் உண்மை. துடுப்பை இழுப்பவர் அரசனைப் போல ஏவுகின்றார். தண்டைப் பிடித்தவர் தச்சனைப் போலத் தாமே இயற்றுகின்றார்.

சாலையில் ஓடும் பந்தய வகைக் கார்களில் இவ்வழக்கு இன்னும் சுவையான ஒரு திருப்பங் கண்டது. 2013-இல் ஜெர்மனியின் போர்ஷே நிறுவனம் தன் 911 ஜிடி3 என்னும் காரை இரட்டைக் கிளட்ச் கொண்ட தானியங்கிப் பெட்டியோடு மட்டுமே வெளியிட்டது. ஒரு கியர் உழைத்துக்கொண்டிருக்கும்போதே அடுத்த கியரை ஆயத்தமாய் வைத்திருக்கும் அப்பெட்டியின் விரைவிற்கு எந்தக் கையும் ஈடாகாது. ஆயினும் விரும்பி ஓட்டுவோர் பலர் முறையிட்டனர். 2016-இல் அந்நிறுவனம் கைக்கியர் மட்டுமே கொண்ட 911 ஆர் என்னும் காரை 991 வண்டிகள் மட்டும் செய்ய, அவை அனைத்தும் விலைபோயின. மறு ஆண்டில் ஜிடி3 காருக்கும் கைக்கியர் திரும்பி வந்தது. நின்ற நிலையிலிருந்து 100 கிலோமீட்டர் வேகத்தை எட்டத் தானியங்கிக்கு 3.4 வினாடி, கைக்கியருக்கு 3.9 வினாடி. மெதுவான வண்டி என்று அறிந்தே மக்கள் அதனை விரும்பி வாங்கினர். அரை வினாடியைக் கொடுத்துவிட்டு அவர்கள் பெற்ற பொருள் யாது?

அதனை அறிய ஜெர்மனிக்குச் செல்ல வேண்டுவதில்லை. போடிநாயக்கனூர் வரை வந்தாற் போதும். எங்கள் மாவட்டம் மேற்கிலும் தெற்கிலும் மலையால் அணைக்கப்பட்ட நிலம். 1895-இல் முடிந்த பெரியாற்று அணையின் நீர் கூடலூர், கம்பம், உத்தமபாளையம் வழியே வந்து நெல்லையும் திராட்சையையும் விளைவிக்கின்றது. அப்பால் கேரளத்து இடுக்கி மலைகளில் ஏலத் தோட்டங்கள் கிடக்கின்றன. கீழ் முகாமிலிருந்து குமுளிக்கும், கம்பத்திலிருந்து கம்பமெட்டுக்கும், போடியிலிருந்து போடிமெட்டுக்கும் சாலைகள் ஏறுகின்றன. சின்னமனூரிலிருந்து மேகமலைக்கு ஏறும் சாலையின் 18 கொண்டை ஊசி வளைவுகளுக்கும் மலர்களின் பெயர் சூட்டியிருப்பது தமிழ் படிப்பார்க்குத் தனி மகிழ்ச்சி. போடிமெட்டுச் சாலைக்கு வளைவுகள் 17. பொழுது விடியுமுன் தோட்டத் தொழிலாளரை ஏற்றிக்கொண்டு ஜீப்புகள் வரிசையாய் இச்சாலைகளில் ஏறுவதையும், மாலையில் இறங்குவதையும் எங்கள் பக்கத்தார் யாவரும் கண்டிருப்பர். என் தந்தையார் இருபத்தாறு ஆண்டுகளாகப் போடிமெட்டுச் சாலையில் அத்தகைய ஜீப் ஒன்றை ஓட்டி வந்தவர்.

எனக்குப் பதினெட்டு வயது நிரம்பி உரிமம் பெற்றபின், விடுமுறை நாட்களில், ஆளில்லாத ஜீப்பில் அவர் எனக்கு மலைச் சாலையைக் கற்பித்தார். “பாப்பா, கண்ணு ரோட்டுல இருக்கட்டும், கியரைக் காதால போடு” என்பதே அவர் முதற் பாடம். வளைவுக்குள் நுழைந்தபின் கியரைத் தேடுதல் ஆகாது. நுழையுமுன்னரே மூன்றிலிருந்து இரண்டுக்கு வந்துவிட வேண்டும். ஏறி வரும் வண்டிக்கு இறங்குபவர் வழிவிட வேண்டும். எக்கியரில் ஏறினோமோ அக்கியரிலேயே இறங்க வேண்டும். எண்ணெய் மிச்சமாகும் என்று கருதிக் கியரை விடுவித்து உருட்டிவிட்டால், பாரமெல்லாம் பிரேக்கின் மேல் விழுந்து, அது காய்ந்து, வேண்டியபோது பிடிக்காமற் போகும். இவையெல்லாம் எவ்வோட்டுநரும் சொல்வன. அவர் கூறிய மற்றொன்றை நான் வேறெங்கும் கேட்டதில்லை. விடியற்காலையில் ஜீப்பின் பின்புறத்தே தொழிலாளப் பெண்கள் ஒருவர் தோள்மேல் ஒருவர் சாய்ந்து உறங்குவர். “பின்னாடி தூங்குறவங்க முழிக்காம பதினேழு வளைவும் ஏறணும். அதுதான் ஓட்டுறது” என்றார்.

அத்தேர்வில் தேறுவது எளிதன்று. எஞ்சினின் ஒலி தாழ்ந்து திணறுமுன் அதன் குறிப்பை உணர வேண்டும். வலக்கால் அளவாய் எழ, இடக்கால் கிளட்சை அழுத்த, கை தண்டை நகர்த்த, மீண்டும் கால்கள் இரண்டும் ஒன்றுக்கொன்று விட்டுக்கொடுக்க வேண்டும். இவை நான்கும் ஒருங்கே அமைந்துவிட்டால் வண்டி குலுங்குவதில்லை. ஒலி மட்டும் ஒரு படி உயர்ந்து, மலை சற்றே தாழ்ந்தாற்போலத் தோன்றுகிறது. முதன்முறை அவ்வாறு அமைந்த கணத்தில் எங்கள் வேகம் மணிக்கு 20 கிலோமீட்டர்கூட இராது. ஆயினும் அப்போது உண்டான உவகை இன்னும் என் நெஞ்சில் இருக்கின்றது. 911 காரை வாங்கினோர் அரை வினாடியை விற்றுப் பெற்ற பொருளும் இதுவே என்று நான் தெளிந்தேன். வேகம் இருந்தாலும் இல்லாவிட்டாலும், சாலை கேட்ட கேள்விக்கு நாம் உரிய காலத்தில் விடை கூறினோம் என்னும் நிறைவே ஓட்டுதலின் இன்பமாகும்.

இத்துடன் முடிப்பேனாயின் கைக்கியரின் புகழ் பாடியவளாவேன். சாட்சியத்தில் பாதியை மறைத்தவளும் ஆவேன். ஒரு வளைவுக்கு இருமுறை கிளட்சை மிதிப்பதாகக் கொண்டாலும், 17 வளைவுகளுக்கு 34 முறை. ஏறி இறங்க 68 முறை. ஆண்டில் 300 நாள் என்றால் 20,400 முறை. வழியில் நிற்பதும் புறப்படுவதும் இக்கணக்கில் சேரா. பழைய ஜீப்பின் கிளட்ச் எளிதில் அமுங்குவதன்று. என் தந்தையாரின் இடது முழங்கால் ஒவ்வோர் இரவும் வீங்கத் தொடங்கியது. என் தாயார் உப்பு ஒத்தடம் கொடுப்பார். விடியுமுன் அவர் மறுபடி புறப்பட்டுவிடுவார். தேய்மானம் கண்டிருக்கிறது, இனிக் கிளட்ச் மிதிக்கலாகாது என்று மருத்துவர் கூறிவிட்டார். ஓட்டுதலை விட்டால் வீட்டுச் செலவும் என் கல்லூரிக் கட்டணமும் என்னாவது என்பது ஒரு கவலை. ஓட்டுநர் என்னும் பெயரையே விடுவதா என்பது அவருக்கு அதனினும் பெருங் கவலை. “கியர் போடாம உக்காந்திருக்கிறவன் டிரைவரா?” என்று அவர் பல நாள் எவர் சொல்லும் கேளாதிருந்தார்.

முடிவில் என் சித்தப்பா ஜீப்பை ஏற்றுக்கொண்டார். தந்தையார் கடன் பெற்று, தானாகக் கியர் மாற்றும் சிறு வாடகைக் கார் ஒன்றை வாங்கினார். அதனை முதன்முதல் போடிமெட்டுக்கு ஓட்டிய அன்று நான் அருகில் இருந்தேன். வளைவுக்கு முன் அவர் காலை எடுத்தவுடன், ‘பாரம் குறைந்தது’ என்று எண்ணி வண்டி மேற் கியருக்குச் சென்றது. வளைவைக் கடந்து மிதித்தபோது, தயங்கி, பின்பே கீழ்க் கியருக்கு வந்தது. வண்டியின் வேகத்தையும் மிதியின் அழுத்தத்தையும் அப்பொறி அறியும். எதிரே வளைவு இருப்பதை அறியாது. வரைபடத்தைச் செயற்கைக்கோள் வழியே பார்த்து வளைவுக்கு முன்னரே கியரைத் தேரும் அமைப்பு 2013-இல் ரோல்ஸ் ராய்ஸ் நிறுவனத்தின் ரெய்த் காரில் வந்துவிட்டது. போடியின் வாடகைக் கார்களுக்கு அது வந்தபாடில்லை. மூன்று வளைவு பொறுத்துப் பார்த்த தந்தையார், நான்காவதற்கு முன் தண்டைக் கைமுறைக்குத் தள்ளி இரண்டாம் கியரில் நிறுத்தினார். இறங்கும்போதும் அவ்வாறே செய்தார். “இதுக்கும் நாமதான் சொல்லித்தர வேண்டியிருக்கு” என்று அவர் கூறியபோது முகத்தில் நெடுநாட்களுக்குப்பின் ஒரு தெளிவைக் கண்டேன். தச்சனாய் இருந்தவர் அன்று அரசனானார் என்று சொல்லத் தோன்றிற்று, சொல்லவில்லை.

இப்போது அவர் முழங்காலின் வீக்கம் தணிந்திருக்கிறது. “கால் சும்மா கெடக்குறது நல்லாத்தான் இருக்கு பாப்பா. கைதான் கியர் ராடைத் தேடுது” என்கிறார். இவ்விரண்டு வாக்கியங்களுள் ஒன்றை மட்டும் எடுத்துக்கொண்டு மற்றதை விடுவார் இவ்வழக்கை அறியாதவரே.

கைக்கியரின் இன்பம் மெய்யானது. அதனைப் பழம்பித்து என்று இகழ்தல் தகாது. ஆனால் ஞாயிற்றுக்கிழமை மாலையில் விரும்பியவர்க்கு அது இன்பமாவதுபோல, நாள்தோறும் பிழைப்புக்காக மிதிப்பவர்க்கும் அது இன்பமாகவே இருக்க வேண்டும் என்று நாம் விதித்தல் ஆகாது. உழைப்பவரின் முழங்காலைப் பொறி காக்குமாயின் அப்பொறியை வரவேற்பதே அறம். அதே வேளையில், கால் ஓய்ந்தது என்று கருத்தும் ஓய்ந்துவிடலாகாது. தானியங்கி வண்டியில் மலையிறங்கும் சுற்றுலாப் பயணிகள் பலர், கீழ்க் கியரைத் தேராது பிரேக்கை மிதித்தபடியே வருவதையும், அடிவாரத்தில் சக்கரங்களிலிருந்து கரிந்த வாடை எழுவதையும் நாங்கள் காண்கின்றோம். பொறி கியரை மாற்றும், இறக்கத்திற்குப் பொறுப்பேற்காது.

இனி வரும் மின்சாரக் கார்களுள் பெரும்பாலானவற்றுக்குக் கியர் மாற்றமே இல்லை; ஒரே கியர்தான். ஆயினும் 2023-இல் ஹூண்டாய் நிறுவனம் வெளியிட்ட ஐயோனிக் 5 என் என்னும் மின்சாரக் காரில், இல்லாத எட்டுக் கியர்களை இருப்பனபோலக் காட்டி, எஞ்சினின் ஒலியையும் குலுக்கத்தையும் செயற்கையாய் எழுப்பும் ஏற்பாடு வைத்திருக்கின்றனர். பொறி முற்றும் விடுதலை தந்தபின்னும் மனிதன் தன் பங்கைக் கேட்டுப் பெறுகின்றான் என்பதற்கு இதனினும் வேறு சான்று வேண்டா.

நண்பர்களே, எங்கள் மலைக்கு வருவீராயின், உங்கள் கார் எவ்வகையினதாயினும், இறங்கும்போது கீழ்க் கியரில் இறங்குங்கள். ஏறி வரும் ஜீப்புக்கு ஒதுங்கி வழிவிடுங்கள். விடியற்காலையாயின் ஒலிப்பானை அழுத்தாதீர்கள். பின்புறத்தே சிலர் உறங்கிக்கொண்டிருப்பர்.