பெயரறியா நோவு

வீமன் எங்கள் வீட்டுக்கு வந்து ஒன்பது ஆண்டுகள் ஆகின்றன. பெயருக்கேற்ற உடல்வாகு அதற்கு என்றும் இருந்ததில்லை. யாழ்ப்பாணத்து ஒழுங்கைகளில் நாள்தோறும் காணும் மண்ணிற ஊர்நாய்தான். நான் பாடசாலையிலிருந்து திரும்பும்போது ஒழுங்கை முகப்பில் காத்து நிற்பது அதன் வழக்கம். கடந்த மார்கழியில் ஒருநாள் அது அங்கே இல்லை. வீட்டு விறாந்தையில் தலையைத் தாழ்த்தி, கால்களை அகல விரித்து நின்றது. அழைத்தேன். கழுத்தைத் திருப்பாமல் உடல் முழுவதையும் திருப்ப முயன்று, இடப்பக்கமாகச் சரிந்து விழுந்தது. தூக்கி நிறுத்தக் கழுத்தைத் தொட்டபோது எழுந்த ஓலம் இன்னும் என் செவியில் நிற்கிறது.

மறுநாட் காலை படலையடியில் அயலவர் நால்வர் கூடிவிட்டனர்.

“மாஸ்டர், உதுக்கு விசர் பிடிச்சிட்டுது. பிள்ளையள் திரியிற ஒழுங்கை. வைச்சிருக்கிறது பிழை” என்றார் ஒருவர்.

அவருடைய அச்சத்தை அறியாமையென்று ஒதுக்க நான் விரும்பவில்லை. விசர்நாய்க்கடி நோய் அறிகுறி தோன்றியபின் ஏறத்தாழ எப்போதும் உயிரைக் குடிப்பது. தள்ளாட்டமும் அதன் அறிகுறிகளுள் ஒன்று. தடுப்பூசி அட்டையை எடுத்துக் காட்டினேன். ஆண்டு தவறாமல் ஊசி போடப்பட்டிருந்தது. எனினும், நாயைத் தனியறையில் வைத்துப் பத்து நாட்கள் பார்ப்பதென்று உடன்பட்டோம். அந்நோய் கண்ட நாய் பொதுவாக அதற்குள் இறந்துவிடும்.

மிருக வைத்தியர் செவிகளைச் சோதித்தார், கண்மணிகளின் அசைவை நோக்கினார், இரத்தம் எடுத்தார். உட்செவியின் சமநிலை உறுப்புப் பழுதுற்றால் நாய் தலையைச் சரித்துத் தள்ளாடும். கழுத்தெலும்புகளுக்கு இடையிலுள்ள வட்டுப் பிதுங்கி நரம்பை அழுத்தினால் நோவும் கால்தளர்ச்சியும் உண்டாகும். உண்ணிகள் பரப்பும் காய்ச்சலையும் ஐயுற வேண்டும். இவற்றுள் எதுவும் உறுதியாகவில்லை. கழுத்தின் உள்ளே பார்க்கக்கூடிய படப்பிடிப்போ எங்கள் கைக்கு எட்டுவதன்று. நோவைத் தணிக்கும் மருந்தைத் தந்து, “மனிசருக்குரிய நோக்குளிசைகளைக் கொடுத்துப் போடாதேங்கோ. இரைப்பையையும் சிறுநீரகத்தையும் கெடுத்துப் போடும்” என்று எச்சரித்து அனுப்பினார்.

காரணம் தெரியாமை என்னை வதைத்தது. விலங்குகளுக்கு அறிவு ஐந்து, மனிதருக்கு ஆறு எனத் தொல்காப்பியத்து மரபியலை வகுப்பில் விளக்குபவன் நான். அந்த ஆறாவது அறிவைக் கொண்டு இரவிரவாக நூல்களைப் புரட்டினேன். அறை மூலையில் வீமன் இரண்டு நாட்களாக உணவைத் தொடாமற் கிடந்தது.

வெங்காயத் தோட்டங்களிற் கூலிவேலை செய்யும் அக்கா ஒருவர் எங்கள் கிணற்றில் தண்ணீர் அள்ள வருவார். அன்று அறை வாசலில் நின்று சிறிது நேரம் பார்த்தார்.

“பசி இருக்கு, மாஸ்டர். குனியத்தான் கழுத்து விடுதில்லை. சட்டியை உயத்தி வையுங்கோ. சீமெந்தும் வழுக்குது, சாக்கு விரிச்சு விடுங்கோ.”

ஒரு பலகைப் பெட்டியைக் கவிழ்த்து அதன்மேற் சட்டியை வைத்தேன். வீமன் தள்ளாடி வந்து, நின்றபடியே முழுவதையும் உண்டது.

“எப்படி அறிந்தீங்கள், அக்கா?”

“எனக்கும் உதுதானே. கடகம் சுமந்த கழுத்து. ஐஞ்சு வருசமாக் குனிஞ்சு நிமிர ஏலாது. ஆசுப்பத்திரியில திரும்பவும் வரச் சொன்னவை. போனால் அண்டைக்குக் கூலி இல்லை.”

நான் தலைகுனிந்தேன். அவர் கழுத்தைத் திருப்பாமல், உடல் முழுவதையும் திருப்பியே என்னோடு பேசுவதை ஐந்து ஆண்டுகளாக நாள்தோறும் கண்டிருக்கிறேன். அது அவருடைய சுபாவம் என்று எண்ணியிருந்தேன். வீமனின் திருப்பத்தில் ஒரு கணத்திற் கண்டுகொண்ட நோவை ஒரு மனிதரிடத்தில் நான் காணவில்லை. நாய் பேசாதது, அவரோ பேசக்கூடியவர். நான்தான் கேட்கவில்லை.

பத்து நாட்கள் கழிந்தன, வீமன் இறக்கவில்லை. விசரென்று சொன்ன அந்த அயலவரே தம் பழைய சாறம் ஒன்றைக் கொண்டுவந்தார். அதை வயிற்றின் கீழ்க் கொடுத்துத் தாங்கி, காலையும் மாலையும் முற்றத்தில் நடத்தினோம். கழுத்துப் பட்டியை அகற்றி மார்புவார் இட்டோம். நான்காம் வாரத்தில் அது தானாகவே படலைவரை நடந்தது. தலை இன்னும் சற்றே சரிந்துதான் இருக்கிறது.

அக்காவையும் என் மனைவி ஒருநாள் ஆசுப்பத்திரிக்கு அழைத்துச் சென்றாள். அன்றைய கூலியை நாங்கள் கொடுத்தபோது அவர் வாங்கத் தயங்கினார். கழுத்தெலும்புத் தேய்வு என்றார்கள். பாரம் சுமக்க வேண்டாம் என்றார்கள். மறுநாள் விடியலில் அவர் கடகத்தோடு ஒழுங்கையாற் சென்றார். வீமனின் நோவுக்குக் கடைசிவரை பெயர் கிடைக்கவில்லை, ஓய்வு கிடைத்தது. அவருடைய நோவுக்குப் பெயர் கிடைத்தது, ஓய்வு கிடைக்கவில்லை. ஒரு நாட்கூலியை நாங்கள் ஈடுசெய்தோம். ஏனைய நாட்களை ஈடுசெய்வது ஒரு வீட்டின் இரக்கத்தால் ஆகக்கூடிய காரியமன்று.