விற்காத கொடி

கம்பம் பள்ளத்தாக்கில் கொடி என்றால் திராட்சைதான். 2023-இல் புவிசார் குறியீடு பெற்ற பன்னீர் திராட்சை. பந்தல், கவாத்து, விலை என எல்லாமே கணக்கு. கணக்கில் வராத ஒரே கொடி, எங்கள் கிணற்றடியில் அம்மா வளர்க்கும் வெள்ளை பாய்ந்த மணிபிளான்ட்.

இலையின் வெள்ளைப் பகுதியில் பச்சையம் இல்லை. பச்சைப் பகுதிதான் அதற்கும் சேர்த்து உணவு தயாரிக்கிறது. சில சமயம் முழுப் பச்சையாக ஒரு தளிர் கிளம்பும். விட்டால் வேகமாக வளர்ந்து மற்றதை அமுக்கிவிடும். அம்மா அதைத்தான் நறுக்குவாள்.

"நல்லா வர்றதப் போயி வெட்றியே?" என்பார், காய்ப்புக்காகவே கவாத்து செய்து பழகிய அப்பா.

"இது என்ன சந்தைக்கா போகுது? எனக்குப் பாக்கத்தான்."

அந்த வீட்டில் அம்மா தனக்கென்று கேட்டது அது ஒன்றைத்தான். போன தடவை, சென்னைக்குக் கொண்டுபோக ஒரு கணு கேட்டேன். வெள்ளை அதிகமுள்ளதாகத் தேடினேன்.

"பச்சையும் இருக்கணும்டா. இல்லேன்னா பொழைக்காது."